ஐஸ்லாந்துப் பயணமும் அதற்கான ஆயத்தமும்

அத்திலாந்திக் சமுத்திரத்தின் வடபால், ஆர்க்டிக் வட்டத்தை அடுத்துக் கிடக்கும் தீவு ஐஸ்லாந்து ஆகும். பனிக்கட்டி நாடு என்பது அப்பெயரின் பொருள். பெயரைக் கேட்ட மாத்திரத்தில், அந்நாடு முழுவதும் பனியால் மூடுண்டு கிடப்பது என்றே பலரும் எண்ணிவிடுவர். உண்மை அவ்வாறன்று. அதன் நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கை அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட பகுதியையே பனிக்கட்டியாறுகள் மூடியுள்ளன. எஞ்சிய நிலத்தின் பெரும்பகுதி, நெருப்பினால் ஆக்கப்பட்டது. எரிமலைகள் கக்கிய குழம்பு உறைந்து கல்லாகி, அக்கல்லின்மேல் பாசி படர்ந்து, அப்பாசியினிடையே ஆவி எழும் நாடு அது. பனியும் நெருப்பும் ஒருங்கே உறையும் இத்தகைய இடத்தை உலகில் வேறெங்கும் இத்துணை எளிதிற் காண்டல் அரிது.

இத்தீவின் பரப்பளவு ஏறத்தாழ 1,03,000 சதுர கிலோமீற்றர். இலங்கையைப் போல ஒன்றரை மடங்கினும் பெரிது. ஆயினும், அங்கு வாழும் மக்கள் நான்கு இலட்சத்துக்கும் குறைவானவர்களே. அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் தலைநகராகிய ரெய்க்யவிக்கிலும் அதன் சூழலிலும் குடியிருக்கின்றனர். இவ்வளவு சிறிய சனத்தொகை உடைய நாட்டுக்கு 2010ஆம் ஆண்டில் வந்த பிறநாட்டார் ஐந்து இலட்சத்துக்கு உட்பட்டிருந்தனர். 2018ஆம் ஆண்டிலோ அத்தொகை இருபத்துமூன்று இலட்சத்தைத் தாண்டியது. அங்குச் செல்ல விழைவோர் பெருகப் பெருக, ஆயத்தமின்றிச் சென்று அல்லலுறுவோரும் பெருகியுள்ளனர். ஆதலின், அந்நாட்டின் இயல்பை அறிந்து, காலத்தைத் தெரிந்து, தக்க வழிகாட்டியைத் துணைக்கொண்டு செல்லும் முறையை ஆராய்வது பயனுடையதாகும்.

முதற்கண் அறியவேண்டுவது, அந்நிலம் ஏன் எரிமலை நிலமாயிற்று என்பது. பூமியின் மேலோடு ஒரே துண்டாக அமைந்ததன்று. பல பெருந்தகடுகளாகப் பிரிந்துள்ளது. வட அமெரிக்கத் தகடும் ஐரோப்பா ஆசியாக் கண்டங்களைத் தாங்கும் தகடும் ஒன்றைவிட்டொன்று விலகும் எல்லை, அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே ஒரு நீண்ட மலைத்தொடராகக் கடலடியில் ஓடுகின்றது. அத்தொடர் கடல்மட்டத்துக்கு மேலெழுந்து பெருநிலமாகத் தோன்றும் இடமே ஐஸ்லாந்து. அன்றியும், பூமியின் ஆழத்திலிருந்து மிகு வெப்பமான பாறைக்குழம்பு மேலெழும் இடமொன்றும் அத்தீவின் அடியிலேயே அமைந்துள்ளது. இவ்விரு காரணங்களும் ஒருங்கு சேர்ந்தமையால், தகடுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் விலக, அப்பிளவை அடியிலிருந்து வரும் குழம்பு நிரப்பிக்கொண்டே இருக்கின்றது. உயிர்ப்புள்ள எரிமலைத் தொகுதிகள் அங்கு ஏறத்தாழ முப்பது உள்ளன. சராசரியாக நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏதேனும் ஒன்று வெடிக்கும் என்பது நெடுங்காலக் கணக்கு. இக்கணக்கு சில பருவங்களிற் பொய்த்து, வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்வதும் உண்டு.

இவ்வெரிமலைகளைக் காட்சிப் பொருள்களாக மட்டும் கருதுவது பெரும் பிழையாகும். அந்நாட்டு மக்களுக்கு அவை வரலாறு. பல வேளைகளில் துயர வரலாறு. 1783ஆம் ஆண்டு யூன் மாதத்தில், நாட்டின் தென்பகுதியில் லாக்கி என்னுமிடத்தில் நிலம் ஏறத்தாழ 27 கிலோமீற்றர் நீளத்துக்குப் பிளந்தது. எட்டு மாதங்கள் அப்பிளவிலிருந்து குழம்பும் நச்சுவாயுவும் வெளிவந்தன. புல்லில் நஞ்சு படிந்தது. புல்லைத் தின்ற ஆடுமாடுகளுள் பாதிக்கு மேற்பட்டவை மடிந்தன. அதனைத் தொடர்ந்து வந்த பஞ்சத்தில் மக்களுள் ஐந்தில் ஒரு பங்கினர் இறந்தனர். யோன் ஸ்டெய்ன்கிரிம்சன் என்னும் பாதிரியார் அவ்வழிவை நாள்தோறும் கண்டு எழுதிவைத்தார். எரிகுழம்பு தேவாலயத்தை நெருங்கிய ஞாயிற்றுக்கிழமையன்று அவர் வழிபாட்டை நிறுத்தாது நடத்தினார் என்பதும், குழம்பு அவ்விடத்துக்கு அப்பால் வாராது நின்றது என்பதும் அந்நாட்டார் இன்றும் போற்றிக் கூறும் செய்தி.

அண்மைக் காலத்திலும் இத்தகைய நிகழ்ச்சிகள் உண்டு. 1973ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின்னர், ஹெய்மாய் என்னும் சிறுதீவில் ஊரின் ஓரத்திலேயே நிலம் பிளந்து நெருப்பெழுந்தது. முன்னைய நாள் வீசிய புயலினால் மீன்பிடிப் படகுகள் யாவும் துறைமுகத்தில் தங்கியிருந்தன. அதனால் ஏறத்தாழ 5,300 மக்களும் அன்றிரவே படகேறிப் பெருந்தீவை அடைந்தனர். பின்னர், துறைமுகத்தின் வாயிலை அடைக்க வந்த குழம்பின்மேல் மாதக்கணக்காகக் கடல்நீரைப் பாய்ச்சி, அதனைக் குளிர்வித்து நிறுத்தினர். நானூறு வரையிலான வீடுகள் அழிந்தன. ஆயினும் துறைமுகம் பிழைத்தது. மக்களுட் பெரும்பாலோர் திரும்பி வந்து ஊரை மீண்டும் கட்டினர்.

2010ஆம் ஆண்டு ஏப்பிரலில் வெடித்த எய்யாப்பியாட்லயோக்குட்ல் என்னும் எரிமலையின் பெயர் பிறநாட்டார் நாவுக்கு எளிதில் அடங்குவதன்று. ஆயினும் அப்பெயரை அன்று உலகமே கேட்டது. பனிக்கட்டியாற்றின் அடியில் எழுந்த நெருப்பு உருகிய நீருடன் கலந்தமையால் நுண்ணிய சாம்பலாகச் சிதறி ஐரோப்பிய வானத்தில் பரந்தது. ஏறத்தாழ 1,00,000 விமானப் பயணங்கள் கைவிடப்பட்டன. இதற்கு மாறாக, 2021ஆம் ஆண்டு தொடக்கம் தென்மேற்கில் ரெய்க்யனெஸ் தீபகற்பத்தில் நிகழ்ந்த வெடிப்புகள் சாம்பலை மிகுதியாகக் கக்கவில்லை, குழம்பையே பெருக்கின. அதனால் அருகிலுள்ள கெப்லவிக் சர்வதேச விமான நிலையம் பெரிதும் இடையூறின்றி இயங்கியது. ஆனால், அயலூராகிய கிரிண்டவிக் பெருந்துன்பத்துக்கு உள்ளாயிற்று. 2023ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் இரவு, நிலநடுக்கமும் நிலப்பிளவும் மிகவே, ஊர் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். 2024 ஜனவரியில் குழம்பு ஊருக்குள் புகுந்து மூன்று வீடுகளை எரித்தது. அடுத்த மாதம் அது வெந்நீர்க் குழாயைத் துண்டித்தமையால், கடுங்குளிரில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வீட்டுச் சூடின்றி இருந்தனர். 2023 டிசம்பர் முதல் 2025 யூலை வரை அப்பகுதியில் ஒன்பது முறை வெடிப்புத் தொடங்கியது. அரசாங்கம் அவ்வூர் வீடுகளை விலைக்கு வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தது; குடும்பங்கள் பல வேற்றூர்களிற் குடியேறின.

பயணத்தை ஒழுங்கு செய்வோர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளவேண்டிய பாடங்கள் இரண்டு. ஒன்று, வெடிப்பு என்ற செய்தி கேட்டவுடன் நாடு முழுவதும் ஆபத்து எனக் கருதிப் பயணத்தைக் கைவிடுதல் வேண்டுவதன்று. எவ்விடத்து வெடிப்பு, சாம்பலா குழம்பா, எச்சாலை மூடப்பட்டது என்பவற்றை விசாரித்தல் வேண்டும். மற்றொன்று, எந்த இடமும் எந்நாளும் மூடப்படலாம் என்பதை முன்னரே மனத்திற் கொண்டு, திட்டத்தில் ஓரிரு நாள்களைத் தளர்வாக வைத்துக்கொள்ளுதல் வேண்டும். நீலக்குளம் என்று பெயர்பெற்ற வெந்நீர் நீராட்டிடம் கிரிண்டவிக்குக்கு அயலிலுள்ளது. அது இயற்கையாக அமைந்த குளமன்று; புவிவெப்ப மின்னிலையத்திலிருந்து வெளிவந்த நீர் தேங்கி உருவானது. 2023இன் இறுதி முதல் அது பன்முறை மூடப்பட்டுப் பின்னர் திறக்கப்பட்டது. அதற்கென்றே பயணம் புறப்படுவோர் ஏமாற்றம் அடையக்கூடும்.

அடுத்து ஆராயவேண்டுவது காலம். ஐஸ்லாந்துப் பயணத்தில் மற்றெல்லா முடிவுகளும் இம்முடிவையே சார்ந்துள்ளன. யூன் மாதத்தில் ரெய்க்யவிக்கில் சூரியன் நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபத்தொரு மணிநேரம் வானில் நிற்கும். எஞ்சிய நேரத்திலும் முழு இருள் சூழ்வதில்லை. டிசம்பரின் பிற்பகுதியிலோ பகற்பொழுது நான்கு மணிநேரந்தான். பகல் பதினொரு மணிக்குப் பின்னர் உதிக்கும் சூரியன் மூன்றரை மணியளவில் மறைந்துவிடும். வெப்பநிலையைப் பொறுத்தவரை, அவ்வளவு வடக்கேயுள்ள நாட்டுக்கு அங்குக் குளிர் குறைவு என்றே சொல்லவேண்டும். தெற்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டத்தின் ஒரு கிளை அதன் கரையைத் தழுவிச் செல்வதே காரணம். தலைநகரில் யூலையின் சராசரி வெப்பநிலை பதினோரு அல்லது பன்னிரண்டு பாகை செல்சியசு. ஜனவரியில் அது பூச்சியத்தை ஒட்டி நிற்கும். குளிரினும் கொடியது காற்று. மழையுடன் கூடிய கடுங்காற்று எப்பருவத்திலும் வீசும்; ஒரே நாளில் வெயில், மழை, பனிமழை மூன்றையும் காணலாம்.

கோடையிற் செல்வோர் நாட்டைச் சுற்றி வரலாம். பறவைகளையும் திமிங்கிலங்களையும் காணலாம். உள்நாட்டு மேட்டுநிலத்துக்கும் செல்லலாம். அம்மேட்டுநிலப் பாதைகள் பெரும்பாலும் யூன் நடுப்பகுதிக்குப் பின்னரே திறக்கப்படும்; செப்டெம்பரில் மூடப்படத் தொடங்கும். மாரியிற் செல்வோர் வடமுனை ஒளியைக் காணும் வாய்ப்பைப் பெறுவர். சூரியனிலிருந்து வரும் மின்னேற்றம் பெற்ற துணிக்கைகள் பூமியின் காந்தப்புலத்தால் ஈர்க்கப்பட்டு வளிமண்டலத்தின் மேற்படையிற் புகும்போது, அங்குள்ள ஒட்சிசனும் நைதரசனும் ஒளிவிடுகின்றன. பச்சைத் திரைபோல் அசையும் அவ்வொளி கோடையிலும் இல்லாமற் போவதில்லை. ஆனால் இருளின்மையாற் புலப்படுவதில்லை. செப்டெம்பர் முதல் ஏப்பிரல் தொடக்கம் வரை, மேகமற்ற இருண்ட இரவுகளில் அதைக் காணலாம். எந்நிறுவனமும் அதைக் காட்டுவதாக உறுதி கூறுதல் இயலாது. ஓரிரவை நம்பிச் செல்வோரினும் ஐந்தாறு இரவுகள் தங்குவோர்க்கே வாய்ப்பு மிகுதி. சாலைகளும் திறந்திருக்கவேண்டும், ஒளியையும் காணவேண்டும் என்போர்க்குச் செப்டெம்பர் மாதம் ஏற்றது.

வழிகாட்டியுடன் செல்வதா, தாமே மோட்டார் வண்டியை வாடகைக்குப் பெற்றுச் செல்வதா என்பது அடுத்த வினா. ஐஸ்லாந்தில் புகையிரதப் பாதை இல்லை. நாட்டைச் சுற்றிவரும் முதலாம் இலக்கச் சாலை ஏறத்தாழ 1,320 கிலோமீற்றர் நீளமுடையது. தெற்கே பனிக்கட்டியாறுகளிலிருந்து பெருகிவரும் ஆறுகளுக்குப் பாலமிட்டு 1974ஆம் ஆண்டிலேயே அதனை வட்டமாக முடித்தனர். சாலை நன்று. ஆயினும் ஒரு வண்டி மாத்திரம் செல்லத்தக்க பாலங்கள் இன்னும் உள்ளன. காற்றின் வேகத்தால் வண்டிக் கதவே பெயர்ந்து போவதுண்டு. அத்தகைய சேதத்தைக் காப்புறுதி பெரும்பாலும் ஏற்பதில்லை. மாரியில் சாலை பளிங்குபோல் உறையும். மேட்டுநிலப் பாதைகளிலோ பாலமே இன்றி ஆற்றைக் கடக்கவேண்டும். அதற்கு நாற்சில்லும் இயங்கும் உயர்ந்த வண்டியும் பழக்கமும் வேண்டும். வெப்ப நாட்டிற் பிறந்து, உறைபனிச் சாலையில் ஒருநாளேனும் வண்டி செலுத்தாதவர்கள் மாரிக்காலத்தில் அங்குத் தாமே செலுத்த முற்படுதல் அறிவுடைமையன்று.

வழிகாட்டிப் பயணங்கள் இருவகைப்படும். தலைநகரில் தங்கிக்கொண்டு, நாள்தோறும் ஒவ்வொரு திசைக்குச் சென்று மாலையில் மீளுதல் ஒருவகை. ஒரே குழுவாகப் பஸ் வண்டியில் ஊர் ஊராகத் தங்கிச் செல்லுதல் மற்றையது. முதியோரும் சிறு பிள்ளைகளை உடையோரும் முதல்வகையை விரும்புவர். பெட்டிகளை நாள்தோறும் கட்டவேண்டியதில்லை. ஆனால் தூரம் அதற்கு எல்லை வகுக்கின்றது. தலைநகரிலிருந்து தென்கிழக்கிலுள்ள யோக்குல்சார்லோன் என்னும் பனிக்கட்டி ஏரி ஏறத்தாழ 370 கிலோமீற்றர். அதற்கு ஒரே நாளிற் சென்று மீளும் பயணங்கள் விற்கப்படுகின்றன. அவற்றிற் செல்வோர் நாளின் பெரும்பகுதியை ஆசனத்திலேயே கழிப்பர். இடையில் ஓரிரவு தங்குவதே முறை. தீவைச் சுற்றிவர எட்டு நாள்களேனும் வேண்டும். பத்து நாள்கள் இருப்பின் நன்று. ஐந்து நாள்களே உடையோர் தென்பகுதியோடு அமைவது மேல்.

நிறுவனத்தைத் தெரிவதிற் கவனம் மிக வேண்டும். பயணங்களை ஒழுங்கு செய்து விற்போர் அந்நாட்டு உல்லாசப் பிரயாண சபையின் அனுமதிப்பத்திரம் பெற்றிருத்தல் வேண்டும் என்பதும், ஒவ்வொரு பயணத்துக்கும் எழுத்துமூலமான பாதுகாப்புத் திட்டம் வைத்திருத்தல் வேண்டும் என்பதும் சட்டம். ஆதலின், பணம் செலுத்துமுன் சில வினாக்களை எழுதிக் கேட்டல் தகும். அனுமதிப்பத்திரம் உண்டா? குழுவில் எத்தனை பேர்? வழிகாட்டியே வண்டியையும் செலுத்துவாரா? உணவும் நுழைவுக்கட்டணமும் விலையில் அடங்குமா? வானிலையால் பயணம் நிறுத்தப்படின் பணம் மீளுமா, அன்றி வேறு நாள் தரப்படுமா? இவற்றுக்குத் தெளிவாக விடையளிக்காத நிறுவனத்தின் குறைந்த விலையில் மயங்கலாகாது. வழிகாட்டி உடனிருப்பதனாலேயே ஆபத்து முற்றாக நீங்கிவிடும் என்றும் கருதலாகாது. 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், பிரெய்தாமெர்க்கர் பனிக்கட்டியாற்றில் வழிகாட்டிகளுடன் சென்ற ஒரு குழுவின்மேற் பனிச்சுவர் இடிந்து வீழ்ந்து ஒருவர் உயிரிழந்தார். பனிக்குகை உறுதியாக நிற்பது குளிர்காலத்திலேயே. கோடையில் அது உருகித் தளரும். கோடையிற் பனிக்குகை காட்டுவதாக ஒருவர் கூறுவாராயின், அதனை மறுப்பதே நன்று.

இனிக் காணத்தக்க இடங்களைச் சிறிது நோக்குவோம். தலைநகரிலிருந்து ஒரே நாளிற் கண்டு மீளத்தக்கவை மூன்று. அவற்றைச் சேர்த்துப் பொன்வட்டம் என்பர். முதலாவது திங்வெட்லிர். அங்குத் தகடுகள் விலகுவதனால் உண்டான பிளவுகளைக் கண்ணாற் காணலாம். நிலவியலுக்கு மட்டுமன்றி அரசியல் வரலாற்றுக்கும் அது புனித இடம். 930ஆம் ஆண்டில் அத்தீவின் குடிகள் மன்னனின்றியே ஒன்றுகூடித் தம் பொதுமன்றத்தை அங்குத்தான் அமைத்தனர். எழுத்து வழங்காத அக்காலத்தில், சட்டம் உரைப்போன் ஒருவன் பாறைமேல் நின்று நாட்டின் சட்டங்களை மனப்பாடமாக ஓதினான். ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக மூன்றாண்டுகளில் முழுவதையும் ஓதிமுடிப்பது அவன் கடமை. பின்னர் நோர்வேக்கும் டென்மார்க்குக்கும் உட்பட்ட அந்நாடு, 1944ஆம் ஆண்டு யூன் 17ஆம் நாள் அதே இடத்திலேயே தன்னைக் குடியரசாகப் பிரகடனம் செய்தது.

இரண்டாவது கைசீர். நிலத்தடியிலிருந்து பொங்கியெழும் கொதிநீரூற்றுகளுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பொதுப்பெயரே இவ்வூற்றிலிருந்து பிறந்தது. மூல ஊற்று இக்காலத்தில் அரிதாகவே எழுகின்றது. ஆனால் அதன் அயலிலுள்ள ஸ்ட்ரொக்கூர் ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை பதினைந்து இருபது மீற்றர் உயரத்துக்குக் கொதிநீரை வீசும். ஒடுங்கிய குழாய்போன்ற துளையின் அடியிலுள்ள நீர், மேலுள்ள நீரின் அழுத்தத்தால் நூறு பாகையைக் கடந்தும் கொதியாது நிற்கும். அவ்வழுத்தம் சிறிது தளர்ந்தவுடன் ஒருசேர ஆவியாகி மேலுள்ள நீரை எறிந்துவிடும். கயிற்றுக்கு அப்பாற் காலெடுத்து வைப்போர் வெந்துபோவர் என்பதை வழிகாட்டிகள் தவறாது எச்சரிப்பர்.

மூன்றாவது குட்ல்பொஸ் என்னும் பொன்னருவி. இருபடிகளாக 32 மீற்றர் வீழும் இவ்வருவி இன்று எல்லோர்க்கும் பொதுவாய் நிற்பதற்கு ஒரு பெண்மணியின் பெயர் இணைத்துச் சொல்லப்படுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறநாட்டு முதலாளிகள் அருவியை அணைகட்டி மின்சாரம் எடுக்க முனைந்தனர். அயற் பண்ணையில் வாழ்ந்த சிக்ரீதுர் தோமாஸ்தொத்திர் என்னும் பெண்மணி அதனை எதிர்த்து வழக்காடினார். தலைநகருக்குக் கால்நடையாகவே சென்றார். அணை கட்டின் அருவியிற் பாய்ந்து உயிர்விடுவேன் என்றும் கூறினார் என்பர். வழக்கில் அவர் வெல்லவில்லை. ஆயினும் குத்தகைப் பணம் செலுத்தப்படாமையால் ஒப்பந்தம் செல்லாததாயிற்று, அணை கட்டப்படவில்லை. அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் ஸ்வெய்ன் பியோர்ன்சன் பின்னாளில் அக்குடியரசின் முதற் சனாதிபதியானார். அருவியின் அருகே அப்பெண்மணியின் உருவம் பொறித்த கல் நிற்கின்றது.

தென்கரைச் சாலையில் ஸ்கோகாபொஸ், செல்யாலந்த்ஸ்பொஸ் என்னும் அறுபது மீற்றர் உயர அருவிகள் உள்ளன; பின்னதன் நீர்த்திரைக்குப் பின்னே நடந்து செல்லலாம். அப்பால் வீக் என்னும் ஊரின் அயலில் ரெய்னிஸ்பியாரா என்னும் கருமணற் கடற்கரை உள்ளது. தூண்தூணாக நிற்கும் எரிமலைப் பாறைகளும் கரிய மணலும் அழகியனவே. ஆயினும் ஐஸ்லாந்தில் மிக ஆபத்தான இடங்களுள் அதுவும் ஒன்று. அமைதியாகத் தோன்றும் கடலிலிருந்து, முன்னைய அலைகளினும் பன்மடங்கு பெரிய அலையொன்று திடீரென மேலேறிவந்து, நிற்போரை இழுத்துச் சென்றுவிடும். புகைப்படம் எடுக்கக் கடலுக்கு முதுகுகாட்டி நின்ற பலர் அவ்வாறு ஆளாயினர், உயிரிழந்தோரும் உளர். அங்கு எச்சரிக்கை விளக்குகள் நிறுத்தப்பட்டுள்ளன. வழிகாட்டி ‘இவ்வளவில் நில்லுங்கள்’ என்று கூறும் கோட்டைக் கடவாதிருப்பதே அங்குச் செல்வோர் செய்யவேண்டிய முதற்காரியம்.

கிழக்கே சென்றால், நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கை மூடிக்கிடக்கும் வத்னயோக்குட்ல் என்னும் பெரும் பனிக்கட்டிப் பரப்பை அடையலாம். அதிலிருந்து உடையும் பனிக்கட்டிகள் யோக்குல்சார்லோன் ஏரியில் மிதந்து கடலுக்குச் செல்கின்றன. 1930களின் நடுப்பகுதி வரை அங்கு ஏரியே இருக்கவில்லை. பனிக்கட்டியாறு பின்வாங்கப் பின்வாங்கவே அது உருவாகிப் பெருகியது. வடக்கே அக்குரேரி நகரும், மீவாத்ன் ஏரியும், திமிங்கிலம் காண்பதற்குப் படகேறும் ஹுசவிக் துறைமுகமும் உள்ளன. மேற்கே ஸ்னைபெட்ல்ஸ்யோக்குட்ல் என்னும் பனிமூடிய எரிமலை நிற்கின்றது. பிரெஞ்சு எழுத்தாளர் யூல் வேர்ண் 1864ஆம் ஆண்டில் வெளியிட்ட கதையில், பூமியின் நடுவிடத்துக்குச் செல்லும் வாயிலாக அம்மலையையே வைத்தார். நூல்களில் நாட்டமுடையோர் தலைநகரில் ஒரு நாளேனும் தங்குதல் வேண்டும். கன்றுத்தோலில் எழுதப்பட்ட பழைய வீரகதை ஏடுகள் நெடுங்காலம் கொப்பன்ஹேகனில் இருந்தன. 1971ஆம் ஆண்டில் டென்மார்க் அவற்றைத் திருப்பி அனுப்பத் தொடங்கியபோது, முதலிரண்டு ஏடுகளையும் வரவேற்க மக்கள் துறைமுகத்தில் திரண்டு நின்றனர்.

இனி, புறப்படுமுன் செய்யவேண்டுவன. ஐஸ்லாந்து 2001ஆம் ஆண்டு முதல் ஷெங்கன் உடன்படிக்கையில் அடங்கியது. இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர் அதற்கான விசா பெறுதல் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாள்களுக்குப் பிந்தி விண்ணப்பித்தல் கூடாது. குறைந்தது 30,000 யூரோ பெறுமதியான மருத்துவக் காப்புறுதி கட்டாயமாகும். வழிகாட்டி நிறுவனத்தின் உறுதிக்கடிதமும் தங்குமிடச் சீட்டுகளும் விண்ணப்பத்துக்குத் துணையாகும். ஆயினும் விசா கிடைக்குமுன் முழுப்பணத்தையும் செலுத்திவிட்டு, அது கிடையாதபோது சேமிப்பை இழந்து வருந்துவோர் உண்டு. பணம் மீளும் நிபந்தனையை முதலிற் படித்தறிதல் வேண்டும். கொழும்பிலிருந்து நேர் விமானம் இல்லை; வேறொரு நகரில் மாறவேண்டும். இலங்கை நேரம் ஐஸ்லாந்து நேரத்தினும் ஐந்தரை மணி முற்பட்டது.

உடையைப் பொறுத்தவரை, ஒரே தடித்த மேற்சட்டையினும் அடுக்கடுக்காக அணிவதே சிறந்தது. உடலை ஒட்டிக் கம்பளியுள்ளாடை. அதன்மேல் கம்பளிச் சட்டை. எல்லாவற்றுக்கும் மேல் மழையும் காற்றும் புகாத சட்டையும் காற்சட்டையும். பருத்தி நனைந்தால் உலராது உடலைக் குளிர்விக்கும். ஆதலின் நமக்குப் பழகிய பருத்தியாடை அங்குப் பயன்படாது. வழுக்காத அடியுடைய சப்பாத்து, கையுறை, காதை மூடும் தொப்பி ஆகியன கோடையிலும் வேண்டும். குடையைக் கொண்டுசெல்வோர் முதல் நாளிலேயே அதனை இழப்பர். நீராடும் உடையை மறத்தலாகாது. வெந்நீர்க் குளங்கள் அந்நாட்டாரின் அன்றாட வாழ்வில் ஒரு பகுதி. ஆனால் குளத்தில் இறங்குமுன், ஆண்களும் பெண்களும் தத்தமக்குரிய அறையில் ஆடையின்றிச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும் என்பது கண்டிப்பான வழக்கம். இதனை முன்னரே அறிந்திருத்தல் சங்கடத்தைத் தவிர்க்கும்.

உணவு விலை மிக அதிகம். மீனும் ஆட்டிறைச்சியும் ஸ்கீர் என்னும் தயிர்போன்ற பாலுணவும் நாட்டு உணவுகள். சைவ உணவினர் அதனை நிறுவனத்துக்கு முன்னரே எழுதி அறிவித்தல் நன்று. புவிவெப்பத்தால் சூடாக்கப்படும் கண்ணாடி வீடுகளில் தக்காளியும் வெள்ளரியும் ஆண்டு முழுவதும் விளைகின்றன. குழாயில் வரும் குளிர்நீர் தூயது. போத்தல் நீர் வாங்குதல் வீண்செலவு. வெந்நீரிற் சிறிது கந்தக மணம் இருக்கும், அதனால் தீங்கில்லை. பத்தில் ஒன்பது வீடுகள் இந்நிலத்தடி வெப்பத்தினாலேயே சூடேற்றப்படுகின்றன என்பதை நினைப்பின், அம்மணத்தையும் பொறுத்துக்கொள்ளலாம்.

பயணியின் நலத்தோடு அந்நிலத்தின் நலமும் பேணப்படவேண்டும். எரிமலைக் கற்களை மூடியிருக்கும் பாசி, ஒருமுறை மிதித்துப் பெயர்த்தால் மீண்டும் வளரப் பத்தாண்டுகள் பல செல்லும். பாதையை விட்டு வண்டி செலுத்துதல் சட்டப்படி குற்றம். பனிக்கட்டியாறுகளும் அழிவில்லாதன அல்ல. ஓக் என்னும் மலையுச்சிப் பனிக்கட்டி உருகிக் குறைந்து, 2014ஆம் ஆண்டில் இனி அது பனிக்கட்டியாறு அன்று என அறிவிக்கப்பட்டது. 2019 ஓகஸ்டில், இறந்தோர்க்கு நடுகல் நாட்டுவதுபோல அவ்விடத்தில் ஒரு நினைவுத்தகடு பதிக்கப்பட்டது. அந்நாட்டுச் சிறுவர் காணும் பனி, அவர்தம் பிள்ளைகள் காண எஞ்சுமோ என்பது வெறுங் கேள்வியன்று.

இறுதியாக ஒரு செய்தி. ஐஸ்லாந்து நமக்கு முற்றிலும் தொடர்பற்ற நாடு என எண்ணவேண்டியதில்லை. அத்தீவின் மேற்கு நுழைகழிப் பகுதியில் 1593ஆம் ஆண்டிற் பிறந்த யோன் ஓலாப்சன் என்பவர், டென்மார்க்கு மன்னரின் படையிற் பீரங்கி வீரராகச் சேர்ந்து, 1622ஆம் ஆண்டிற் கப்பலேறித் தமிழ்நாட்டுத் தரங்கம்பாடிக் கோட்டைக்கு வந்து பணிபுரிந்தார். வெடிமருந்து விபத்தொன்றிற் காயமுற்று ஊர் திரும்பிய அவர், முதுமையில், 1661ஆம் ஆண்டில், தாம் கண்டவற்றையெல்லாம் எழுதிவைத்தார். அக்காலத்தில் அப்பயணம் பல மாதங்கள் கொண்டது. மீளுவோம் என்ற உறுதியும் இல்லை. இன்று அத்தூரத்தை ஒரு நாளளவிற் கடந்துவிடலாம். ஆயினும், தக்க காலத்தைத் தெரிந்து, தக்காரைத் துணைக்கொண்டு, உள்ளூரார் சொற்கேட்டு நடப்பவரே அந்நாட்டை நன்கு கண்டு, நலமே வீடு திரும்புவர்.